குடிநீரும் நூறு என்னும் எண்ணும்



சில ஆண்டுகளுக்கு முன் எமது பாடசாலைக் கிணற்று நீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் சிறு போத்தலில் எடுத்துச் சென்றார். பத்துப் பன்னிரண்டு நாட்களின் பின் அறிக்கை வந்தது. அதிலே நீரின் நிறம், மணம், சுவை பற்றியெல்லாம் இருந்தன. எனினும் எம்மைத் திடுக்கிடச் செய்தது கடைசி வரி. 100 மில்லிலீற்றர் நீரில் ஈ.கோலி என்னும் பற்றீரியா இத்தனை என்று ஓர் எண்ணும், அதற்கு நேரே 'இருத்தலாகாது' என்ற குறிப்பும் காணப்பட்டன. அறிக்கையை விளம்பரப் பலகையில் இட்டோம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதை நெடுநேரம் நின்று வாசித்துவிட்டு என்னிடம் வந்து, "சேர், இந்த நூறு மில்லிலீற்றர் என்றதை ஆர் சொன்னது?" என்று கேட்டான்.

விஞ்ஞான ஆசிரியரிடம் அனுப்பியிருக்கலாம். ஆயின் 'யார் சொன்னது' என்பது விஞ்ஞானக் கேள்வியன்று, சரித்திரக் கேள்வி. யானோ கலைப் பட்டதாரி. சரித்திரம் கற்பித்து வயது போனவன். ஆகவே விடையை நானே தேடப் புகுந்தேன். அத்தேட்டத்திற் கண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நல்ல நீரை நம் முன்னோர் கண்ணாலும் நாவாலும் அறிந்தனர். தெளிந்திருக்க வேண்டும், உவர்க்கக் கூடாது, பருப்பு அவிய வேண்டும், தேநீர் நிறம் மாறாதிருக்க வேண்டும். உலகெங்கும் ஏறக்குறைய இவையே அளவுகோல்கள். இவற்றை முதன் முதலில் பொய்ப்பித்த நிகழ்ச்சி 1854ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது. புறோட் வீதியில் ஒரு கைப்பம்பி. அதன் நீர் தெளிவும் சுவையும் உடையதென்று அயலில் பெயர் பெற்றது. முன்பு அவ்வயலில் வாழ்ந்து, பின் நெடுந்தூரம் தள்ளிச் சென்று குடியேறிய மூதாட்டி ஒருத்தி, அந்நீரின் சுவையை மறக்க மாட்டாது நாள்தோறும் வண்டியிலே போத்தலில் வருவித்துக் குடித்தாள். வாந்திபேதி அவளையும் அங்கே தேடிச் சென்று கொன்றது. அவள் குடியிருந்த பகுதியில் வேறெவருக்கும் அந்நோய் இல்லை. மருத்துவர் ஜோன் ஸ்னோ இதனைத் தம் வாதத்திற்கு வலிமை மிக்க சான்றாகக் கொண்டார். நீரில் ஏதோ இருக்கின்றது என்பது புலனாயிற்று. அது யாது, எவ்வளவு என்பன புலனாகவில்லை. இரசாயன அறிஞர் நீரிலுள்ள சேதனப் பொருளையும் அமோனியாவையும் அளந்தனர். அவ்வளவே அவர்களால் இயன்றது.

எண்ணுதல் என்பது 1881இற்குப் பின்னரே கைகூடியது. ஜேர்மனிய மருத்துவர் றொபேட் கொக் அவ்வாண்டு இலண்டனிற் கூடிய மருத்துவ மகாநாட்டிலே ஒரு புதிய உபாயத்தைக் காட்டினார். செலற்றின் என்னும் பசையோடு உணவுச் சாற்றைக் கலந்து கண்ணாடித் தட்டிற் பரப்பி உறையவிடுவது. அதிலே கலந்த ஒவ்வொரு கிருமியும் இருந்த இடத்திலேயே பெருகி, இரண்டு மூன்று நாளில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகும். அப்புள்ளிகளை எண்ணினால் தட்டில் இட்ட நீரில் எத்தனை கிருமிகள் இருந்தன என்பது தெரியும். இவ்வளவு எளிய காரியத்தை அதற்கு முன் எவரும் செய்யவில்லை என்பது வியப்பே. இவ்வுபாயத்தைத் துணையாகக் கொண்டு கொக் 1883இல் எகிப்துக்கும் பின்னர் கல்கத்தாவுக்கும் சென்று வாந்திபேதிக் கிருமியைப் பிரித்தெடுத்தார். கல்கத்தாவின் புறத்தே ஒரு குளம். அதிலேயே குளிப்பர், துணி தோய்ப்பர், அதையே குடிப்பர். 1884இல் அக்குளத்து நீரிலும் அக்கிருமியை அவர் கண்டார்.

இனி நாம் ஹாம்பேர்க் நகருக்குச் செல்ல வேண்டும். நூறு என்னும் எண் பிறந்த கதை அந்நகரத்துப் பேரழிவோடு பிணைந்தது.

எல்பே ஆற்றங்கரையில் அமைந்த ஹாம்பேர்க், ஜேர்மன் பேரரசுள் அடங்கியிருந்தும் தன்னைத் தானே ஆண்ட வணிக நகரம். 1842இல் பெருந்தீயொன்று நகரின் பெரும்பகுதியை அழித்தபின் வில்லியம் லிண்ட்லி என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் குழாய்நீர்த் திட்டமொன்றை அமைத்துக் கொடுத்தார். அக்காலத்திற்கு அது பெருஞ்சாதனை. ஆயின் ஆற்று நீர் வடிக்கப்படாமலே வீடுகளுக்குச் சென்றது. 1885இல் கார்ள் கிறேப்பலின் என்னும் விலங்கியலறிஞர் அக்குழாய்களுள் வாழும் உயிர்களைப் பற்றித் தனி நூலொன்றே எழுதினார். விலாங்கு மீன், நத்தை, மட்டி, பஞ்சுயிரி எனப் பலவும் அங்கே குடித்தனம் நடத்தின. குழாயைத் திறந்தால் மீன் வருமென்று மக்கள் நகையாடினரே அன்றி, நகைப்புக்கு மேலே செல்லவில்லை. மணல்வடி அமைக்க வேண்டுமென்ற பேச்சு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடந்தது. செலவை யார் ஏற்பது, வரியா கட்டணமா, வீட்டுச் சொந்தக்காரர் எவ்வளவு கொடுப்பது என்று நகரசபையார் வாதாடினர். ஈற்றில் 1890இல் வேலை தொடங்க உடன்பட்டனர். கட்டி முடிவதற்குள் 1892 ஆகஸ்டு மாதம் வந்துவிட்டது.

அம்மாதம் நடுப்பகுதியில் வாந்திபேதி தோன்றியது. துறைமுக நகரம் அல்லவா? நோய் என்று அறிவித்தால் கப்பல்கள் வாரா, வணிகம் நிற்கும். ஒரு கிழமைவரை அதிகாரிகள் உண்மையை ஒப்புக்கொள்ளாது காலங்கடத்தினர். நீர்க்குழாய்கள் அக்காலத்தை வீணாக்கவில்லை. ஆறு நூறாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரில் ஏறக்குறைய 17,000 பேர் நோயுற்றனர். 8,600 பேர் மாண்டனர். பேர்லினிலிருந்து அனுப்பப்பட்ட கொக், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த சந்துகளைச் சுற்றிப் பார்த்து, தாம் ஐரோப்பாவில் நிற்பதையே மறந்துபோனதாகச் சொன்னார் என்பர். கல்கத்தாவைக் கண்ட கண்கள் அல்லவா!

ஹாம்பேர்க்குக்கு மேற்கே, இடையில் வெளியேதுமின்றி, ஒட்டினாற்போல் அமைந்திருந்தது அல்தோனா என்னும் நகர். அது பிரசிய அரசுக்கு உட்பட்டது. இரு நகரங்களையும் பிரித்தது ஒரு வீதி மாத்திரமே. ஒரே மண், ஒரே காற்று, ஒரே தொழிலாளர் கூட்டம். அல்தோனாவும் எல்பே ஆற்று நீரையே எடுத்தது. அதுவும் ஹாம்பேர்க்குக்குக் கீழே, இரு நகரங்களின் கழிவும் கலந்தபின் எடுத்தது. நீரைக் கண்டு மதிப்பிடுவோர் எவரும் அல்தோனாவே அழியுமென்று கூறியிருப்பர். நிகழ்ந்தது மாறாக இருந்தது. ஹாம்பேர்க்கில் ஆயிரம் பேருக்குப் பதின்மூவர் இறக்க, அல்தோனாவில் இருவர் சொச்சம் பேரே இறந்தனர். எல்லை வீதியின் ஒரு பக்கத்தில் வீட்டுக்கு வீடு பிணம். மறு பக்கத்தில் அமைதி. அவ்வெல்லையருகே ஹாம்பேர்க்குக்குச் சொந்தமான பெரிய வளவொன்று இருந்தது. அதிலே தொழிலாளர் பலர் நெருக்கமாக வாழ்ந்தனர். அவ்வளவுக்கு மட்டும் நீர் அல்தோனாக் குழாயிலிருந்து வந்தது. அங்கே ஒருவரும் நோயுறவில்லை. ஆராய்ச்சியாளன் ஒருவன் திட்டமிட்டுச் செய்தாலும் இத்தனை துலக்கமான பரிசோதனையைச் செய்திருக்க முடியாதென்று கொக் கருதினார்.

வேறுபாடு யாதெனில், 1859 முதல் அல்தோனா தன் நீரை மணலில் வடித்தது. மணல்வடி புதிய பொருளன்று. 1829இலேயே இலண்டனில் ஜேம்ஸ் சிம்சன் அதனை அமைத்திருந்தார். கலங்கலை நீக்குதலே அவர் நோக்கம். மணலின் மேற்பரப்பிலே மெல்ல உருவாகும் வழுவழுப்பான படையொன்றே கிருமிகளைப் பெரும்பாலும் தடுக்கின்றது என்பதை அவரோ அவர் காலத்தவரோ அறியார். தெளிந்த நீர் வேண்டிச் செய்தது உயிர் காத்தது.

இத்தனைக்கும் பின்னர் எதிர்க்கட்சி ஓயவில்லை. மியூனிக் நகரத்துப் பெரியார் மக்ஸ் பெற்றன்கோபர், கிருமி மட்டும் நோய் தராது, மண்ணின் நிலையும் வேண்டுமென்ற கொள்கையர். 1892 ஒக்டோபரில் அவர் வாந்திபேதிக் கிருமி வளர்த்த சாற்றைப் பலரறியக் குடித்தார். இலேசான வயிற்றோட்டத்தோடு தப்பினார். அவர் துணிவை மெச்சலாம். எனினும் எழுபத்து மூன்று வயதுக் கிழவரின் வயிறு தப்பிய செய்தி, எட்டாயிரம் பேர் இறந்ததற்கு விடையாகாது.

இப்போது நூறுக்கு வருவோம். 1893 ஜனவரியில், நோய் நீங்கியதென்று நினைத்த வேளை, அல்தோனாவிலே சிறு அளவில் வாந்திபேதி தோன்றியது. வடித்த நீர் குடித்த நகரிலா? கொக் நாட்குறிப்புகளை வாங்கிப் பார்த்தார். அல்தோனா நீர்நிலையத்தார் வடித்த நீரிலே கிருமிகளை எண்ணிப் பதிந்துவரும் நல்ல வழக்கம் உடையவர். வழமையான நாட்களில் ஒரு கன சதமமீற்றர் நீரில் கிருமிகள் நூற்றுக்குக் குறைவு. ஆற்று நீரிலோ அவை பல்லாயிரம். கடுங்குளிரிலே வடியொன்றைத் துப்புரவு செய்தபோது மணலின் மேற்பரப்பு உறைந்துபோயிற்று. அதன் பின் அவ்வடியிலிருந்து வந்த நீரில் எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்திருந்தது. எண் உயர்ந்து சில நாட் செல்ல நோய் வந்தது. பதிவேடு எச்சரித்திருக்கின்றது, பதிவேட்டைப் பார்த்து வடியை மூடத்தான் ஆளில்லை.

அவ்வாண்டு எழுதிய கட்டுரையிலே கொக் மூன்று விதிகளைக் கூறினார். மணலினூடே நீர் மணிக்கு 100 மில்லிமீற்றருக்கு மேல் விரைந்து இறங்கலாகாது. ஒவ்வொரு வடியின் நீரும் தனித்தனியே நாள்தோறும் பரிசோதிக்கப்படல் வேண்டும். ஒரு கன சதமமீற்றரில் நூற்றுக்கு மேற்பட்ட கிருமிகள் உள்ள நீர், தூய நீர்த் தொட்டியுட் செல்லலாகாது. மாணவன் கேட்ட கேள்விக்கு விடையின் முதற் பாகம் இதுவே.

இங்கே சற்று நிற்றல் வேண்டும். நூறு கிருமி குடித்தால் நலம், நூற்றொன்று குடித்தால் நோய் என்பதன்று கொக்கின் கருத்து. அத்தட்டில் முளைப்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒரு தீங்கும் செய்யாதவை. நூறு என்பது நன்றாக இயங்கும் வடி இயல்பாகத் தரக்கூடிய நீரின் அளவு. எண் ஏறினால் வடி எங்கோ பழுதாயிற்று என்பது பொருள். பழுதான வழியால் ஆயிரம் தீங்கற்றவற்றோடு ஒரு தீயதும் வரலாம். காவற்காரன் கைவிளக்கை ஒத்தது அவ்வெண். விளக்கு கள்வனைப் பிடிக்காது. கதவு திறந்திருப்பதைக் காட்டும். அதனாலன்றோ கொக் எண்ணை மாத்திரம் கூறாது, 'ஒவ்வொரு வடியும்', 'நாள்தோறும்' என்ற சொற்களையும் சேர்த்தார்? பின்வந்தோர் பலர் எண்ணை எடுத்துக்கொண்டு அச்சொற்களை விட்டுவிட்டனர்.

அடுத்த வினா, தீயது வந்ததா என்பதை எவ்வாறு அறிவது? நெருப்புக் காய்ச்சற் கிருமியை நேரே தேடலாமே என்று தோன்றும். தேடினர், பெரும்பாலும் கிடைக்கவில்லை. அக்கிருமி உடலிற் புகுந்து ஒன்று தொடக்கம் மூன்று கிழமைகளின் பின்னரே காய்ச்சல் தோன்றும். நோயாளி படுக்கையில் விழும்போது நீரில் வந்த கிருமி ஓடிப் போயிருக்கும். ஆகவே மறைமுகமான சாட்சியொன்றைத் தேடினர். 1885இல் தியடோர் எஷெரிக் என்னும் குழந்தை மருத்துவர் பச்சைக் குழந்தைகளின் மலத்திலே ஒரு பற்றீரியாவைக் கண்டு விவரித்திருந்தார். மனிதர் குடலிலும் விலங்குகளின் குடலிலும் அது கோடிக்கணக்கில் வாழும். நீரில் நெடுங்காலம் பெருகாது. நீரில் அது காணப்பட்டால் அங்கே மலம் கலந்தது என்பது உறுதி. மலம் கலந்தால் நெருப்புக் காய்ச்சல் வரும் வழி திறந்திருக்கின்றது. அமெரிக்கரான தியோபோல்ட் ஸ்மித் 1890களின் தொடக்கத்திலே, வளைந்த கண்ணாடிக் குழாயொன்றிலே சர்க்கரைச் சாற்றை நிரப்பி நீரைக் கலந்து, அடைத்த முனையில் வாயு சேர்கின்றதா என்று பார்த்து அதனைக் கண்டுபிடிக்கும் முறையை நியூயோர்க் மாநிலத்து ஆற்று நீரில் கையாண்டார். எம் அறிக்கையில் இருந்த ஈ.கோலி, எஷெரிக் பெயர் தாங்கிய இப்பற்றீரியாவே.

இங்கிலாந்திலே மெயிட்ஸ்ரன் நகரில் 1897இல் ஊற்று நீர் மாசுற்று ஏறக்குறைய 1,900 பேர் நெருப்புக் காய்ச்சலுற்று, 130க்கு மேற்பட்டோர் இறந்தனர். அப்போது நகரின் குழாய்களுள் வெளிற்றும் தூளைக் கரைத்து ஊற்றிக் கழுவினர். நோய் வந்தபின் செய்த வைத்தியம் அது. நாள்தோறும் குளோரீன் இடும் வழக்கம் ஒரு பெருநகரில் நிலைபெற்றதற்கு, யாரும் எதிர்பாராத வகையில், ஒரு வழக்கே காரணமாயிற்று.

அமெரிக்காவிலே ஜேர்சி நகரசபை ஒரு தனியார் கம்பனியோடு நீர் வழங்கும் உடன்படிக்கை செய்திருந்தது. நீர் 'தூயதும் நலந்தருவதுமாய்' இருக்க வேண்டுமென்பது நிபந்தனை. அணை கட்டி நீரும் வந்தது. நீர் தூயதன்று, ஆகவே முழுப்பணமும் கொடோம் என்றது நகரசபை. வழக்கு மன்றிலே அறிஞர் பலர் நாட்கணக்காகச் சாட்சி சொன்னார்கள். தூயது என்றால் என்ன? எத்தனை கிருமி இருந்தால் தூயது? சட்டத்திலே எண் இல்லை. 1908இல் நீதிபதி தீர்ப்பளித்தபோது, நீர் பெரும்பாலும் நன்றே, எனினும் ஆண்டில் இரண்டு மூன்று முறை பெருமழையின் பின் கெடுகின்றது என்றார். மேற்புறத்து ஊர்களுக்குக் கழிவுக் குழாய் அமைக்குமாறோ அன்றி வேறு தக்க உபாயம் காணுமாறோ கம்பனிக்குக் கூறினார். கம்பனியின் மருத்துவர் ஜோன் லீல் அந்த 'வேறு உபாயம்' என்ற வாசலால் நுழைந்தார். 1908 செப்டெம்பர் 26 முதல் நகரின் முழு நீருக்கும் சிறிதளவு குளோரீன் சேர்க்கப்பட்டது. குடிநீரில் நஞ்சு கலக்கிறார்களென்று எதிர்த்தரப்பார் முழங்கினர். இரண்டாம் விசாரணை நடந்து 1910இல் கம்பனியின் பக்கம் முடிவு வந்தது. பணத்தகராறு ஒன்று பல நகரங்களின் நெருப்புக் காய்ச்சலை அடக்கும் கருவியை உலகுக்குத் தந்தது.

முதல் தேசிய எல்லைக்குக் காரணம் நகரங்கள் அல்ல, புகையிரதங்கள். அமெரிக்காவின் மத்திய அரசுக்கு நகரங்களின் நீர் மேல் அதிகாரம் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் வண்டிகள் மேல் இருந்தது. முதலில் 1912இல் அவ்வண்டிகளில் எல்லோரும் ஒரே குவளையில் நீர் குடிக்கும் வழக்கத்தைத் தடுத்தனர். பின்னரே, குவளை தூயதாயினும் அதிலுள்ள நீர் எப்படி என்ற நினைவு வந்தது. 1914இல் திறைசேரித் திணைக்களம் எண்ணொன்றை வெளியிட்டது. ஒரு கன சதமமீற்றரில் மொத்தக் கிருமிகள் நூற்றுக்கு மேற்படலாகாது. கொக்கின் நூறு கடல் கடந்து வந்துவிட்டது! அதனோடு, பத்துக் கன சதமமீற்றர் கொண்ட ஐந்து பங்கு நீரைப் பரிசோதித்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பங்கிலே குடற் பற்றீரியா தோன்றலாகாது. நகரங்களை இது சட்டத்தாற் கட்டுப்படுத்தவில்லை. ஆயின் 'உங்கள் ஊர் நீரைப் புகையிரதத்தில் ஏற்ற மாட்டோம்' என்று அரசு சொல்லிவிட்டால் அவ்வூர் மேயர் எந்த முகத்தோடு அந்நீரை ஊராருக்குக் கொடுப்பார்? 1925இல் எல்லையைத் திருத்தியவர்கள் மொத்த எண்ணிக்கையைக் கைவிட்டு, குடற் பற்றீரியாவை மேலும் குறைத்து, 100 கன சதமமீற்றருக்கு ஏறக்குறைய ஒன்று என்றாக்கினர். எவ்வாறு அவ்வெண்ணைக் கண்டனர்? நெருப்புக் காய்ச்சல் இல்லாத நகரங்களின் நீரை நோக்கி, அவற்றால் இயல்வது ஏனையவற்றாலும் இயலும் என்று கொண்டனர். கொக் அல்தோனாவிலே செய்ததும் இதுவே.

எண் இறங்க இறங்க நம்பிக்கை ஏறியது. நம்பிக்கை ஏறினால் என்ன நிகழும் என்பதற்கு 1937இல் இலண்டனுக்கு அருகே உள்ள குறொய்டன் சாட்சி. நகருக்கு நீர் தந்த ஆழ்கிணறு ஒன்றனுள் தொழிலாளர் இறங்கித் திருத்த வேலை செய்தனர். அவருள் ஒருவர், தாம் அறியாமலே நெருப்புக் காய்ச்சற் கிருமியை உடலில் தாங்கியவர். அதே வேளையில் அக்கிணற்று நீர் வடிக்கப்படாமலும் குளோரீன் சேர்க்கப்படாமலும் நகருக்குட் சென்றது. வேலை நடக்கின்றது என்பது ஒரு பகுதியாருக்குத் தெரியும். நீர் மக்களுக்குப் போகின்றது என்பது மற்றொரு பகுதியாருக்குத் தெரியும். இரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தார் இல்லை. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற, 43 பேர் இறந்தனர்.

1958இல் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கான சர்வதேச நியமங்களை வெளியிட்டது. வறிய நாடுகளின் நிலையையும் கருதி, சிறு சலுகைகளோடு எழுதப்பட்டது அது. 1984இல் வெளிவந்த வழிகாட்டி நூலில் 100 மில்லிலீற்றரில் குடற் பற்றீரியா இல்லை என்பதே இலக்காயிற்று. நம் நாட்டிலே இலங்கைக் கட்டளைகள் நிறுவகம் 1983இல் குடிநீருக்கென 614ஆம் இலக்க நியமத்தை வெளியிட்டு, 2013இல் திருத்தியது. அதிலும் 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி இருத்தலாகாது. நூறு என்னும் எண் இன்னும் இருக்கின்றது. அன்று கிருமியின் தொகை. இன்று நீரின் கொள்ளளவு. பெயர் ஒன்றாயினும் உறவில்லை. மாணவனுக்கு இதனை விளக்கியபோது, "அப்ப சேர், அந்த நூறு வேறை, இந்த நூறு வேறை" என்று அவன் நான் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்கு இந்நியமம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம் காலடியில் இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக் கல். அதனூடே நீர் மணல்வடியிற் போல மெல்லக் கசியாது, பிளவுவழியே விரைந்தோடும். சிறிய வளவிலே ஒரு மூலையிற் கிணறும் மறு மூலையில் மலசலகூடக் குழியும் இருந்தால், பலகாலும் அவை நிலத்தின் கீழே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. தெளிந்த நீர், சுவையான நீர். புறோட் வீதி நீரும் அப்படித்தான் இருந்தது.

எண்ணுக்கும் எல்லையுண்டு. 1993இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரிலே கிறிப்ரோஸ்போறிடியம் என்னும் நுண்ணுயிர் குழாய்நீரில் வந்து, கணிப்பின்படி 403,000 பேரை வயிற்றோட்டத்தில் வீழ்த்தியது. குளோரீன் அதனை எளிதிற் கொல்லாது; குடற் பற்றீரியாச் சோதனையோ குற்றமொன்றும் காட்டவில்லை. வடித்த நீர் கலங்கியது ஒன்றே அறிகுறி.

ஆயின் என்னை அதிகம் கலக்கியது கனடாவின் வோக்கர்ரன் என்னும் சிற்றூரின் கதை. ஏறக்குறைய ஐயாயிரம் பேர் வாழும் ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை பெய்து, அருகிலுள்ள பண்ணையின் மாட்டெரு ஊர்க் கிணறொன்றில் இறங்கியது. ஈ.கோலியிலேயே கொடிய வகை ஒன்று அதில் இருந்தது. போதிய குளோரீன் இருந்திருந்தால் அது மாண்டிருக்கும். நீர்நிலைய ஊழியர்கள் நாள்தோறும் எஞ்சிய குளோரீனை அளந்து ஏட்டிற் பதிய வேண்டியவர்கள். ஏடு ஒழுங்காக இருந்தது. 0.5, 0.75 என்று எண்கள் வரிசையாக இருந்தன. பின்னர் நடந்த பொது விசாரணையில், பல ஆண்டுகளாக அவ்வெண்கள் அளக்கப்படாமலே எழுதப்பட்டவை என்பது வெளிப்பட்டது. ஆய்வுகூடம் நீர் மாசுற்றதென்று முகாமையாளருக்கு அறிவித்த பின்னும், சுகாதாரப் பகுதியார் கேட்டபோது நீர் நன்றாக உள்ளது என்றே விடை கிடைத்தது. அவ்வூழியர் கொடியவர் அல்லர்; தாமும் அந்நீரையே குடித்தவர்கள். கிணற்று நீர் நல்லது என்று மனமார நம்பியவர்கள். ஏழு பேர் இறந்தனர். ஏறக்குறைய 2,300 பேர் நோயுற்றனர். நூறாண்டுக்கு மேல் அறிஞர் பலர் அரிதிற் சேர்த்த எண்கள் யாவும் அவ்வேட்டிலே வெறும் மையாகிவிட்டன.

இதனை வாசித்த மறுநாள் எம் பாடசாலைத் தண்ணீர்த் தொட்டிக்கென வைத்திருக்கும் குறிப்புப் புத்தகத்தை வருவித்தேன். கிணறு பற்றிய அறிக்கையின் பின்னர், தொட்டிக்குக் குளோரீன் இட்டு, காலையிலே சிறு குழாயில் நீரெடுத்து மருந்திட்டு, தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு எழுதும்படி ஒரு சிற்றூழியரை நியமித்திருந்தோம். புத்தகம் துப்புரவாக இருந்தது. திகதி, நேரம், எண், கையொப்பம். பதினெட்டு நாட்களுக்கு 0.5, 0.5, 0.5. ஒரே பேனை, ஒரே சாய்வு, ஒரே இருப்பிலே எழுதிய எழுத்து. முப்பது ஆண்டுகளாக மாணவர் வரவுப் பதிவேடுகளைப் பார்த்துவரும் கண்ணுக்கு அது மறையாது. அப்பக்கங்களின் கீழே மாத முடிவில் பார்வையிட்டேன் என்று என் கையொப்பமும் இருந்தது.

அவரை அழைத்தேன். மருந்து முடிந்து மூன்று கிழமையாயிற்று என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இடம் வெறுமையாய் இருந்தால் ஏசுவியளெண்டு நினைச்சன் ஐயா" என்றார். அவர் நினைத்தது பிழையன்று, நான் ஏசியிருப்பேன்.

மருந்து வாங்கினோம். அப்புத்தகம் இன்றும் நடந்து வருகின்றது. சில நாட்களில் 0.2 என்றிருக்கும், சில நாட்களில் 0.6, ஒருமுறை, பெருமழையின் மறுநாள், வெறும் பூச்சியம். இடையிடையே எண்ணுக்குப் பதிலாக அவர் கைப்பட 'இன்று பார்க்கவில்லை' என்று எழுதியிருக்கும்.